வயிற்றெரிச்சல்

செஞ்சி
9 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு விண்ணரசி எழுதுவது.

இயேசுவுக்குப் புகழ். ஆண்டவர் தயவில் இங்கே அவரும் நானும் பிள்ளை தமிழினியும் சுகம். திண்டுக்கல்லில் நீயும் உன் விடுதிப் பிள்ளைகளும் சுகமா? மழை அங்கேயும் உண்டா?

கையில் போன் இருக்க, இவள் ஏன் தபால் போடுகிறாள் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. சிரிக்கக் கூடாது.

போன வாரப் புயல்மழையில் எங்களுக்கு இரண்டு நாள் கரண்ட் இல்லை. எங்கள் பேக்கரி ஃப்ரிட்ஜில் இருந்த கிரீம் கேக்கெல்லாம் இளக ஆரம்பித்தது. அவர் ஏரிப் பக்கம் தண்ணீர் பார்க்கப் போயிருந்தார். வீணாய்ப் போகிறதே என்று ஒன்றை எடுத்தேன். அவர் திரும்பி வந்தபோது தட்டு காலி. "கெட்டுப்போச்சு, கொட்டிட்டேன்" என்றேன். பதினோரு துண்டு, அக்கா. கொட்டியது உண்மைதான். எங்கே கொட்டினேன் என்பதைத்தான் சொல்லவில்லை.

மறுநாள் வயிற்றெரிச்சல் தாங்காமல் டாக்டரம்மாவிடம் போனேன். மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, பாண்டிச்சேரியில் ஆலோசனை சொல்லும் சிஸ்டர் அமலோற்பவத்தைப் போய்ப் பார்க்கச் சொன்னார். அந்த சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். மதியம் அவர் படுத்த பிறகு கேக்கைச் சுற்றி வெட்டிய ஓரமெல்லாம் போட்டுவைக்கும் டின்னை நான் காலி செய்வதை. நின்றபடியே தின்பதை. பசியே இல்லாமல் தின்பதை. "எப்பம்மா ரொம்ப சாப்பிடத் தோணுது?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். உன்னோடு போனில் பேசும்போதுதான். உன் குரல் காதில் விழுந்தால் என் கை டின்னுக்குள் போய்விடுகிறது.

அதனால் சிஸ்டர் இரண்டு கட்டளை போட்டிருக்கிறார். ஒன்று, "அக்காவுக்குப் போன் வேணாம், லெட்டர் எழுதுங்க. எழுதுற கையும் திங்கிற கையும் ஒண்ணுதானே?" இரண்டு, எதை வாயில் வைத்தாலும், ஒரு கேக் ஓரமாக இருந்தாலும், முதலில் சிலுவை வரைந்துகொள்ள வேண்டும். கேட்க லேசாக இருக்கிறது இல்லையா? திருடித் தின்பதற்கு யாராவது சிலுவை போடுவார்களா? கை நெற்றிக்குப் போகமாட்டேன் என்கிறது.

உன் குரல் கேட்டால் ஏன் அப்படி என்றும் கேட்டார். அங்கே சொல்லவில்லை, உனக்கு எழுதுகிறேன். பொறாமை. கல்லறைத் திருநாளுக்கு அம்மாவின் கல்லறைக்கு மெழுகுவத்தி வைக்க வந்தாயே, பங்குச் சாமியார் எல்லார் முன்னாலும், "ஜெயராக்கினி டீச்சர் இருபது வருஷமா அதே மாதிரி இருக்காங்க, தவசி மாதிரி" என்றார். நான் பக்கத்தில் நின்றேன், முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு. டாக்டரம்மா எனக்குக் கொடுத்த மாத்திரை அந்த எரிச்சலுக்குக் கேட்காது.

சாப்பிட்டாயா? என்ன சாப்பிட்டாய்? எழுது.

உன் தங்கை
விண்ணரசி


திண்டுக்கல்
20 டிசம்பர் 2024

அன்புள்ள விண்ணுவுக்கு அக்காவின் ஆசீர்.

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். மாப்பிள்ளைக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸ் கேக் வேலையில் நிற்க வேண்டியிருக்குமே. தமிழினி அரைப்பரீட்சை நன்றாக எழுதினாளா?

விடுதியில் அறுபத்திரண்டு பிள்ளைகள். பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். போக வீடில்லாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு குடில் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இந்தக் கிறிஸ்துமஸுக்கு வர முடியாது.

சாமியார் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அவர் எல்லாரையும் ஏதாவது சொல்லுவார்.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஓர் எண்ணெய்க் கறை இருக்கிறது. பப்ஸா?

இயேசு பாலன் உங்கள் வீட்டை ஆசீர்வதிப்பாராக.

அக்கா
ஜெயராக்கினி


செஞ்சி
4 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்து. எல்லாரும் சுகம். அவர் முதுகில் தைலம் தேய்த்துத் தேய்த்து என் கையே வழவழவென்று ஆகிவிட்டது. உன் உடம்பு எப்படி இருக்கிறது?

பப்ஸ் இல்லை. தேங்காய்ப்பூ வைத்த தில்பசந்த். வலது கை எழுதிக்கொண்டிருந்தது, இடது கை தின்றது. பீச்சாங்கையால் தின்னும் அளவுக்கு வந்துவிட்டேன், அம்மா இருந்தால் கையிலேயே சூடு வைத்திருப்பாள். வாத்தியாரம்மா கண்ணுக்கு எதுவும் தப்பாது. அறுபது பிள்ளைகளை மேய்க்கிற கண் அல்லவா?

ஆனால் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கிறிஸ்துமஸ் மறுநாள் டின்னைத் திறந்தேன். சிலுவை போட்டேன், உண்மையாகவே போட்டேன். பிறகு நின்றபடி தின்ன வெட்கமாகிவிட்டது. தட்டை எடுத்துவந்து, உட்கார்ந்து, இரண்டே இரண்டு ஓரம் தின்றேன். பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் எதிரிலேயே தின்றேன். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி ஆகிவிட்டது, அது வேறு. பரலோக மந்திரத்தில் அன்றன்றைக்கு உள்ள சோற்றைத்தான் கேட்கிறோம். நான் மட்டும்தான் நாளைக்கும் நாளன்றைக்கும் சேர்த்து இன்றைக்கே தின்றுவிடுகிறேன்.

கடைவீதி மளிகைக்கடைக் கமலாம்பாள் பிளம் கேக் வாங்க வந்தாள். கல்லாவுக்குப் பின்னால் நம் படம் மாட்டியிருக்கிறதே, அதைப் பார்த்து, "இவங்க உன் தங்கச்சியா? இன்னா செகப்பா, ஒல்லியா, அழகா இருக்குறாங்க" என்றாள். அக்கா என்றேன். "அக்காவா!" என்று வாயில் கை வைத்தாள். எட்டு வருஷம் மூத்தவள் நீ. அவள் கேக்கில் ஒரு துண்டு குறைத்து வெட்டிக்கொடுக்கலாம் என்று தோன்றியது, சத்தியமாக.

அது போகட்டும். தமிழினி உன் படத்தைத் தன் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். மாதா படத்துக்குப் பக்கத்தில். ஏன்டி என்றால், "பெரியம்மா மாதிரி ஆவணும்மா. உன்ன மாதிரி இல்ல" என்கிறாள். பதினாலு வயதுப் பிள்ளை பேச்சு, விட்டுவிடலாம். ஆனால் வயிற்றில் சுமந்தது நான். குறைமாதத்தில் பிறந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது வெளியே உட்கார்ந்து பால் பீய்ச்சியது நான். நீ ஜெபமாலையோடு வந்து நின்றாய், அதுவும் உண்மைதான்.

சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான் கொஞ்சமாகச் சாப்பிடுவாய் என்று பிள்ளையிடம் சொல்லிவைத்திருக்கிறேன். சரிதானே?

போன கடிதத்தில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். நீ பதில் எழுதவில்லை.

விண்ணரசி


திண்டுக்கல்
27 ஜனவரி 2025

அன்புள்ள விண்ணுவுக்கு,

நலம். நலம் விசாரித்ததாக மாப்பிள்ளையிடம் சொல். பொங்கலுக்கு விடுதியில் மூன்று பானை வைத்தோம். இந்து, கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து குலவையிட்டார்கள். இனிப்புப் போதுமா என்று பார்க்கச் சொல்லி என்னிடம்தான் கொண்டுவந்தார்கள்.

உன் விஷயத்தில் நான் சொல்வது ஒன்றுதான். எல்லாம் மனசு. தவக்காலம் வருகிறது. ஒழுங்காக ஒருசந்தி இருந்து பார். ஒரு நாளைக்கு ஒரு வேளை, மற்ற நேரம் ஜெபம். நாற்பது நாளில் உடம்பு நம் பேச்சைக் கேட்கும்.

தமிழினி எனக்குத் தனியாக எழுதியிருந்தாள். அவளுக்குப் பதில் இத்துடன் ஒட்டி வைத்திருக்கிறேன். பிரிக்காமல் கொடு.

கண் மங்கலாக இருக்கிறது, இத்துடன் நிறுத்துகிறேன்.

அக்கா


செஞ்சி
8 மார்ச் 2025

அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உனக்கு என்ன, கண்ணில் கோளாறா? போன கடிதத்தில் உன் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. முத்து முத்தாக எழுதுகிறவள் நீ.

சாம்பல் புதனன்று பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வந்த தமிழினி, நாற்பது நாளும் ஒருசந்தி என்று அறிவித்தாள். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு ஒருசந்திக் கடமை இல்லை என்று சாமியாரே பிரசங்கத்தில் சொன்னார். "பெரியம்மா சின்ன வயசுலயே இருந்தாங்கன்னு நீதானே சொன்ன?" என்று என் வாயாலேயே என்னை அடித்தாள்.

நான் ஒரு குற்றம் செய்தேன். அவள் புத்தகத்தில் இருந்த உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். "பசி வரும், பேசாமல் இரு, போய்விடும். அதை ஜெயித்துவிட்டால் உலகத்தில் எதையும் ஜெயிக்கலாம். உன் அம்மாவுக்கு அந்தப் பலம் இல்லை, பாவம், அவளுக்காக ஜெபம் செய்" என்று எழுதியிருக்கிறாய்.

பாவம் என்று எழுதியிருக்கிறாய்! என் பிள்ளைக்கு!

அதைப் படித்த அன்று டின்னை மட்டும் அல்ல, ரஸ்க் பாட்டிலையும் காலி செய்தேன். சிலுவையும் இல்லை ஒன்றும் இல்லை. மறுநாள் போட்டிக்கு நானும் ஒருசந்தி இருந்தேன். கடவுளுக்காக இல்லை, அக்கா, உனக்காக. உன்னையும் அவளையும் ஒரு கை பார்க்க வேண்டும் என்று. சாயங்காலம் வரை தாங்கினேன். அதற்குமேல் என்ன நடந்திருக்கும் என்று நீயே ஊகித்துக்கொள். ஒருசந்தி எனக்கு மருந்து இல்லை, அது டின்னுக்கு வழி என்று சிஸ்டர் அமலோற்பவம் போனில் திட்டினார். வேளாவேளைக்கு உட்கார்ந்து சாப்பிடுவதுதான் எனக்குத் தவம் என்றார்.

இதைவிடக் கேவலமான ஒன்றும் எழுதுகிறேன். முதல் இரண்டு நாள் தமிழினி தட்டைத் தள்ளிவைத்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு வயிறு எரிந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்து எரிகிற வயிறும் ஒரு வயிறா?

அவளுக்கு எழுது. சாப்பிடச் சொல். நீ சொன்னால் கேட்பாள், நான் சொன்னால் கேட்கமாட்டாள். இதை எழுதவும் எனக்கு எரிகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

விண்ணரசி


செஞ்சி
22 மார்ச் 2025

அக்கா,

பதினாலு நாள் ஆகிறது. பதில் இல்லை.

நேற்று வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை. ஒன்பதாம் தலம், இயேசு மூன்றாம் முறை விழுகிற இடம். எல்லாரும் முழங்கால் போட்டோம். எழுந்தபோது தமிழினி எழவில்லை. கல்தரையில் நெற்றி மோதி விழுந்துகிடந்தாள். அவளுடைய டீச்சர் காயத்ரி தற்செயலாக எதிர்க்கடையில் நின்றார்கள், அவர்களுடைய ஸ்கூட்டியில்தான் நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். நெற்றியில் மூன்று தையல். பதினைந்து நாளாக மதியச் சாப்பாட்டு டப்பாவை அப்படியே தோழிக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ஒருசந்திக்கு அந்த ஒரு வேளைதான், இரவில் வீட்டில் பேருக்கு ஒரு வாய். நான் டப்பாவைக் கழுவிக் கழுவி வைத்தேன், பிள்ளை மீதம் வைக்காமல் சாப்பிடுகிறாள் என்று.

டாக்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அம்மாவுக்கு இவ்வளவு, பொண்ணுக்கு இவ்வளவா?" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்து உனக்கு நாலு தடவை போன் அடித்தேன். சிஸ்டரின் கட்டளையை மீறித்தான். நீ எடுக்கவில்லை.

கண் விழித்ததும் அவள் கேட்டது என்னை இல்லை. "பெரியம்மாகிட்ட சொல்லாதீங்க, நான் தோத்துட்டேன்னு நெனப்பாங்க" என்றாள்.

நாலு மாதமாகக் கேட்கிறேன், ஒரே கேள்வி. ஊர் உலகத்தில் யார் யாரிடமும் கேட்கிற கேள்விதான், பிச்சைக்காரனிடம்கூடக் கேட்கிற கேள்விதான். நீ என்ன சாப்பிடுகிறாய், அக்கா? இப்போது சொல். உன் மாதிரி ஆக வேண்டும் என்று ஒருத்தி படுத்திருக்கிறாள். உன் மாதிரி என்றால் என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும்.

விண்ணரசி


திண்டுக்கல்
30 மார்ச் 2025

அன்புள்ள விண்ணுவுக்கு,

போன் அடித்தபோது அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். எடுக்கத் தைரியம் வரவில்லை. பிள்ளையின் தையல் பிரித்தாயிற்றா? காய்ச்சல் உண்டா?

நீ கேட்டதற்குப் பதில். காலையில் பால் விடாத டீ. மதியம் கொஞ்சம் காய். இரவு மோர். சோறு இல்லை. சோறு தொட்டுப் பதினாலு வருஷம் ஆகிறது.

தமிழினி கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது நான் நேர்ச்சை செய்தேன். பிள்ளை பிழைத்தால் இனி என் வாழ்நாளில் சோறு தொடமாட்டேன் என்று. பிழைத்தாள். நான் வாக்கைக் காப்பாற்றினேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புண்ணியம் போய்விடும் என்று நினைத்தேன்.

இதோடு நிறுத்தினால் நான் பெரிய புனிதை ஆகிவிடுவேன். நிறுத்தமாட்டேன். நேர்ச்சை ஒரு சாக்கு, விண்ணு. அதற்குப் பத்து வருஷம் முன்பே நான் சோற்றுக்குப் பயந்தவள். எப்படியும் தின்னாமல் இருந்ததைத்தான் ஆண்டவருக்குக் காணிக்கையாகக் கொடுத்துப் பெயர் வாங்கினேன்.

சின்ன வயதிலிருந்தே கொஞ்சமாகச் சாப்பிடுவேன் என்று பிள்ளையிடம் சொன்னாயே. நீ மறந்திருக்க முடியாது. நான் பூசணிக்காய். நைனா அப்படித்தான் கூப்பிடுவார். எனக்கு இருபத்திரண்டு வயதில் திண்டிவனத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். "பொண்ணு பூசினாப்பல இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று மதியம் அம்மா என் தட்டில் போட்ட சோற்றில் இருந்து ஒரு கரண்டியைத் திரும்ப எடுத்தாள். எடுத்ததைப் பானையில் போடவில்லை. உன் தட்டில் போட்டாள். "சின்னது குச்சியாட்டம் இருக்குது, அது தின்னட்டும்" என்றாள். அன்றிலிருந்து தினமும் அந்த ஒரு கரண்டி. உனக்கு அப்போது பதினாலு வயது. தமிழினி வயது.

நீ அதை மென்று தின்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். உன்னைப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான். நீ என்னைப் பார்த்துப் பொறாமை என்று எழுதியபோது சிரிப்பு வந்தது. இருபத்தைந்து வருஷமாக நான் பொறாமைப்பட்டது உன் வாயைப் பார்த்து. பசித்தால் தின்கிறாயே, ருசித்துத் தின்கிறாயே என்று. நீ பெருத்தபோது, ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளைக்கு "பாவம்" என்று எழுதியது அந்தச் சந்தோஷம்தான்.

ஜனவரியில் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கையெழுத்துக் கோணலுக்குக் காரணம் அதுதான், கண் இல்லை. எழுபது வயதுக் கிழவியின் எலும்பு இது என்று டாக்டர் சொன்னார்.

இதைத் தமிழினியிடம் காட்டு. முழுவதையும் காட்டு. அவள் தோற்கவில்லை என்று சொல். தோற்றது நான்.

அக்கா


செஞ்சி
5 ஏப்ரல் 2025

அக்கா,

தையல் பிரித்தாயிற்று. காய்ச்சல் இல்லை. உன் கை எப்படி இருக்கிறது? மூன்று மாதம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, கல்நெஞ்சுக்காரி.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இரண்டு தடவை திட்டினேன், ஒரு தடவை அழுதேன். நாலாவது தடவை படித்தபோது டின் பக்கம் போனேன், மூடியில் கை வைத்தேன், திரும்பி வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

அந்தக் கரண்டி எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்குத் தெரியாத ஒன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. முதல் நாள் அம்மா தானாகப் போட்டாள். இரண்டாம் நாள், அவள் கரண்டியை உன் தட்டுக்குக் கொண்டுபோனபோது, நான் என் தட்டை நகர்த்தி நீட்டினேன். பசிக்கவில்லை. நீதான் நம் வீட்டுப் படிப்பாளி, பூசைப் பாட்டுக்காரி, நைனாவின் செல்லம். உன்னிடமிருந்து ஒன்று என் தட்டுக்கு வருகிறது என்றால் விடுவேனா? பாவசங்கீர்த்தனத்தில் இத்தனை வருஷம் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், கேக் திருடியதுவரை. தட்டை நீட்டியதை மட்டும் சொன்னதில்லை. நேற்றுப் போய்ச் சொன்னேன்.

உன் நேர்ச்சை பற்றியும் சாமியாரிடம் கேட்டேன், பெயர் சொல்லாமல். யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், எழுந்துபோய் ராஜகிரி மலைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு, "பிள்ளைய ஆண்டவர் இரக்கப்பட்டுக் கொடுத்தாரும்மா. சோத்த வாங்கிக்கிட்டுக் கொடுக்கல" என்றார். உடம்பைக் கெடுக்கிற நேர்ச்சையை மாற்றிக்கொடுக்க வழி இருக்கிறதாம். அங்கே உன் பங்குச் சாமியாரிடம் நீயே போய்க் கேட்க வேண்டுமாம். போ. எலும்பு டாக்டரிடம் சோற்று விஷயத்தையும் மறைக்காமல் சொல். சிஸ்டர் அமலோற்பவத்தின் நம்பர் கீழே எழுதியிருக்கிறேன்.

தமிழினியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். மதியம் இரண்டு கவளம் சாப்பிட்டாள், அதற்குமேல் வாந்தி வருகிறது என்றாள். டாக்டர் கஞ்சியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார், வாராவாரம் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். பயமாக இருக்கிறது. உன் படத்தை அலமாரியிலிருந்து எடுக்கவில்லை. எடுப்பாள் என்று ஆசைப்பட்டேன், பார்த்துக்கொள், என் புத்தியை!

பாஸ்காவுக்கு வா, உயிர்ப்பு ஞாயிறு எங்களோடு இரு. சாக்குச் சொல்லாதே.

விண்ணு


திண்டுக்கல்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள விண்ணுவுக்கு,

கை தேவலை. பிள்ளைக்குக் கஞ்சியில் ஒரு சிட்டிகை சீரகம் போட்டுக் கொடு.

சாமியாரைப் போய்ப் பார்த்தேன். நேர்ச்சையை மாற்றிக் கொடுத்தார். இனி ஞாயிறுதோறும் ஒரு வேளை சோறு சாப்பிட வேண்டும். தனியாகச் சாப்பிடக் கூடாது, யாராவது கூட உட்கார வேண்டும். மற்ற நாளுக்கு டாக்டர் சொல்வதுதான் கட்டளை. "எவ்வளவு சோறு, சாமி?" என்று கேட்டேன், பாடத்தில் சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி. "அளந்துதானேம்மா இப்படி ஆனீங்க. பக்கத்துல உக்கார்றவங்க போடட்டும்" என்றார்.

பெரிய சனிக்கிழமை விழுப்புரம் வரை ரயில், அங்கிருந்து பஸ். மாப்பிள்ளையை ஸ்டாண்டுக்கு வரச் சொல்ல வேண்டாம், நானே வந்துவிடுவேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


செஞ்சி
28 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று தெரிந்து நிம்மதி. எல்லாரும் சுகம். இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன், ஓரளவுக்குச் சுகம்.

உயிர்ப்பு ஞாயிறு மதியம் நடந்தது உனக்குத் தெரியும், நீயும்தானே உட்கார்ந்திருந்தாய். கறிக்குழம்பு வைத்தேன். உன் தட்டு வெறுமையாக இருந்தது. என் தட்டில் சோறு இருந்தது. பானையிலிருந்து போடாமல் என் தட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து உன் தட்டில் போட்டேன். அது ஏன் என்று அவருக்குப் புரியவில்லை, "பானையில இருக்குதே, எச்சில எதுக்குப் போடுற?" என்றார். நீ சிலுவை போட்டாய். நாலு வாய் சாப்பிட்டாய். ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாய். பிறகு எழுந்து கைகழுவப் போனாய், வெகுநேரம் வரவில்லை.

நான் உன்னிடம் சொல்லாதது இரண்டு.

ஒன்று, அந்தக் கரண்டியைக் கொடுத்தபோது எனக்கு மனசு நிறைந்துவிடவில்லை. கை கூசியது. என் சோறு போகிறதே என்றுகூட ஒரு நொடி தோன்றியது. கொடுத்த பிறகுதான், எடுத்ததைத்தானே கொடுக்கிறோம் என்று புத்திக்கு வந்தது.

இரண்டாவது, நீ பின்கட்டில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது நடந்தது. உன் தட்டில் மிச்சம் இருந்தது. நான் அதைக் கழுவ எடுத்தேன். என்னை எனக்குத் தெரியும் அல்லவா, அடுப்படியில் நின்றபடி அதை வழித்துத் தின்றுவிடுவேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பே உன் பங்கைத் தின்ற வாய் இது. எடுத்துக்கொண்டு திரும்பினால் எதிரே தமிழினி. "குடும்மா" என்றாள். தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் உன் இடத்தில் உட்கார்ந்தாள். சிலுவை போட்டாள். நீ வைத்த மிச்சத்தை, நீ அழுது உப்பாக்கிய சோற்றை, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். "பெரியம்மா எச்சில், யாருக்கும் தர மாட்டேன்" என்றாள். வாந்தி எடுக்கவில்லை. ஒன்றரை மாதத்தில் அவள் ஒழுங்காகச் சாப்பிட்ட முதல் சோறு அதுதான்.

எனக்கு எப்படி இருந்தது என்று நினைக்கிறாய்? கும்பிட்டிருப்பேன், ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பேன் என்றுதானே? வயிறு எரிந்தது, அக்கா. என் எச்சிலை அவள் ஒருநாளும் தின்றதில்லை. நான் ஊட்டியதைத் துப்பியிருக்கிறாள். உன் எச்சில் அமிர்தமாம்.

எரியட்டும் என்று விட்டுவிட்டேன். டின் பக்கம் போகவில்லை. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன்.

அவளும் நானும் இப்போது மதியம் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். லீவு விட்டாயிற்று. பாதி நாள் நன்றாகச் சாப்பிடுகிறாள், பாதி நாள் சண்டை. கேக் ஓரத்தையெல்லாம் அவர் இப்போது தெருப் பிள்ளைகளுக்குப் பொட்டலம் போட்டு விற்றுவிடுகிறார். டின்னில் மெழுகுவத்தி வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிற நாளும் உண்டு.

சாப்பிட்டாயா? என்ன சாப்பிட்டாய்?

விண்ணு


திண்டுக்கல்
4 மே 2025

அன்புள்ள விண்ணுவுக்கு,

நலம். டாக்டர் மாத்திரை மாற்றியிருக்கிறார். சிஸ்டர் அமலோற்பவம் வாரம் ஒருமுறை போனில் பேசுகிறார், என்னையும் திட்டுகிறார். மாப்பிள்ளையையும் பிள்ளையையும் விசாரித்ததாகச் சொல்.

தமிழினி என் எச்சிலைச் சாப்பிட்டதாக எழுதியிருந்தாய். உனக்கு வயிறு எரிந்ததாகவும் எழுதியிருந்தாய். எனக்கும் எரிந்தது. விசிறிக்கொண்டு எதிரே உட்கார உனக்கு ஒரு பிள்ளை இருக்கிறதே என்று. இருவருக்கும் சேர்த்து ஒரு மாத்திரை கிடைத்தால் தேவலை.

இன்று ஞாயிறு. ஊருக்குப் போக வீடில்லாத பிள்ளைகள் ஏழு பேர் இருக்கிறார்கள். மேற்பார்வைக்கு நிற்கிற இடத்தை விட்டு அவர்கள் பந்தியில் போய் உட்கார்ந்தேன். திகைத்துவிட்டார்கள். கவிதா என்று ஒரு சின்னப் பெண், ஆறாம் வகுப்பு, அவள்தான் எனக்குப் போட்டாள். போதும் என்றேன். "வார்டனம்மா, நாங்க போதும்னா நீங்க விடுவீங்களா?" என்று இன்னொரு கரண்டி போட்டாள்.

நீ கேட்டதற்குப் பதில். சாப்பிட்டேன். சோறு, கோழிக்குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல். பாதிக்கு மேல் முடியவில்லை. பாதி சாப்பிட்டேன்.

சாப்பிட்ட கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது. இந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் கறை குழம்பு. வேறு தாளில் எழுதலாம் என்று பார்த்தேன். பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா
ஜெயராக்கினி